கன்றும் அரைப்பேரும்: பனூ இஸ்ராயீலரின் பங்குபோட்ட வணக்கம்

ஸாமிரியின் கன்றுக்குட்டிக் கதையைக் கேட்காதவர் நம்மில் இல்லை. குத்பாவில் கேட்டிருக்கிறோம், ரமழான் பயானில் கேட்டிருக்கிறோம், சின்ன வயதில் ஓதப்போன இடத்தில் லெப்பை சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் பதுளை மாதிரியான ஊரில் இந்தக் கதையைச் சொல்லும்போது ஒன்று நடக்கும். கேட்பவரின் கண் தானாகவே ஜன்னலுக்கு வெளியே போய்விடும். வெளியே முதியங்கன விகாரை இருக்கிறது, கதிர்காமத் தேவாலயம் இருக்கிறது, கோயில்கள் இருக்கின்றன. பசறை, மடுல்சீமை, ஹாலிஎல என்று எந்தப் பக்கம் மலையேறினாலும் தோட்டத்துக்குத் தோட்டம் மாரியம்மன் கோயில் இருக்கிறது. "சிலை வணக்கமா? அது அங்கே. நமக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை" என்று மனசு நிம்மதியாகிவிடும்.

குர்ஆன் இந்த வரலாற்றைச் சொல்லும் முறை அந்த நிம்மதிக்கு இடம் கொடுக்கவில்லை. கன்றை வணங்கியவர்கள் யார்? பிர்அவ்னின் ஆட்கள் கடலோடு போய்விட்டார்கள். கன்றுக்கு முன்னால் நின்றவர்கள் அந்தக் கடல் பிளந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள், ஒரு நபியின் கையைப் பிடித்துக் கரையேறியவர்கள், வேதம் வாங்கப் போனவருக்காகக் காத்திருந்தவர்கள். அதாவது, அந்தக் காலத்து ஈமான்காரர்கள். ஆகவே இந்தக் கதையின் கண்ணாடியில் தெரிய வேண்டியது பக்கத்து லயத்து மனிதரின் முகமா, நம்முடைய முகமா என்ற கேள்வி எழுகிறது.

பதுளையில் பிறந்து தோட்டத்துச் சனங்களோடு கொடுக்கல் வாங்கலில் வளர்ந்தவன் நான். அந்த இடத்தில் நின்றுதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். பனூ இஸ்ராயீலர் தம் நீண்ட வரலாற்றில் அல்லாஹ்வை அடியோடு மறுத்தது அபூர்வம். அவர்கள் திரும்பத் திரும்பச் செய்தது, அவனை வைத்துக்கொண்டே பக்கத்தில் இன்னொன்றைச் சேர்த்ததுதான். அந்த இன்னொன்று ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு வாசல் வழியாக வந்தது. அப்படி நான்கு வாசல்களை இங்கே பார்ப்போம்.

முதல் வாசல்: காத்திருக்க முடியாமை

ஸூரத்துல் அஃராபின் 138ஆம் வசனத்தில் தொடங்குவோம். கடலைக் கடந்து வந்ததும் பனூ இஸ்ராயீலர் தங்கள் சிலைகளைச் சூழ்ந்திருந்த ஒரு கூட்டத்தாரைக் காண்கிறார்கள். உடனே மூஸா (அலை) அவர்களிடம், இவர்களுக்கு இருப்பதைப் போல நமக்கும் ஒரு கடவுளை உண்டாக்கித் தாருங்கள் என்று கேட்கிறார்கள். காலின் ஈரம் இன்னும் காயவில்லை. அல்லாஹ் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. அடுத்தவர்களிடம் இருப்பது தங்களிடமும் இருக்கட்டும் என்றுதான் ஆசைப்பட்டார்கள்.

இதே ஆசை நம் உம்மத்திலும் ஒரு தடவை எழுந்தது. ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றிக்குப் பின் ஹுனைனுக்குப் போகும் வழியில் புதிதாக இஸ்லாத்துக்கு வந்திருந்த சிலர், முஷ்ரிக்குகள் ஆயுதங்களைத் தொங்கவிட்டுப் பரக்கத் தேடும் "தாத்து அன்வாத்" என்ற மரத்தைப் போல் தங்களுக்கும் ஒன்றை ஏற்படுத்தித் தரும்படி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். மூஸாவின் சமூகம் கேட்டது போலவே நீங்களும் கேட்கிறீர்கள் என்பதே நபியவர்களின் பதிலாக இருந்தது. அபூ வாகித் அல்லைஸீ (ரழி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது. கேட்டவர்கள் கெட்டவர்களாக இருக்கவில்லை, புதியவர்களாக இருந்தார்கள். பழக்கம் உள்ளே இருந்து பேசியது.

பிறகு கன்று. மூஸா (அலை) தூர் மலைக்குப் போனார்கள். முப்பது இரவுகள் என்ற தவணையோடு பத்து சேர்ந்து நாற்பதானது (7:142). கண்ணுக்குத் தெரியாத இறைவனை வணங்கும் மக்களுக்கு இப்போது நபியும் கண்ணில் இல்லை. அந்த வெறுமையில்தான் ஸாமிரி வருகிறான். சனங்கள் சுமந்து வந்த ஆபரணங்களை உருக்கி, மாட்டைப் போல் சத்தம் எழுப்பும் ஒரு கன்றின் உருவத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறான். ஸூரா தாஹா 88ஆம் வசனம் சொல்லும் ஒரு விவரத்தை நாம் அடிக்கடி தாண்டிப் போய்விடுகிறோம். "இது புதுக் கடவுள்" என்று அங்கே யாரும் சொல்லவில்லை. உங்கள் இறைவனும் மூஸாவின் இறைவனும் இதுதான், மூஸாதான் மறந்துவிட்டார் என்று சொன்னார்கள். கன்று அல்லாஹ்வின் பெயரிலேயே உள்ளே வந்தது.

பைபிளின் யாத்திராகமம் 32ஆம் அதிகாரம் இந்தக் கன்றைச் செய்தவராக ஹாரூன் (அலை) அவர்களையே சொல்கிறது. குர்ஆன் அந்தப் பழியை நீக்கி, ஸாமிரியின் மீது பொறுப்பை வைக்கிறது. ஆனால் அதே அதிகாரத்தில், கன்று நின்ற மறுநாள் கர்த்தருக்கே பண்டிகை என்று அறிவிக்கப்பட்டதாகவும் வருகிறது. பெயர் மாறவில்லை, பண்டிகை மாறவில்லை, வணங்கப்படுவது மட்டும் மாறிவிட்டது.

கன்றைப் பற்றிக் குர்ஆன் வைக்கும் சோதனை மிக எளிமையானது. அது அவர்களோடு பேசுகிறதா? ஒரு வழியைக் காட்டுகிறதா? கேட்டதற்கு மறுமொழி தருகிறதா? (7:148, 20:89). சத்தம் இருந்தது, பதில் இல்லை. மூஸா (அலை) திரும்பி வந்து கன்றை எரித்துக் கடலில் தூவினார்கள். ஆனால் ஸூரத்துல் பகறாவின் 93ஆம் வசனம், அந்தக் கன்று அவர்களுடைய உள்ளங்களுக்குள் புகட்டப்பட்டிருந்ததாகச் சொல்கிறது. வெளியே நின்ற உருவத்தை எரிக்க ஒரு நாள் போதும். உள்ளே குடித்ததை என்ன செய்வது? அடுத்து வந்த நூற்றாண்டுகள் அதற்குத்தான் சாட்சி.

இரண்டாவது வாசல்: வசதியும் அரசியலும்

ஏன் கன்று? ஏன் ஒரு மனித உருவம் இல்லை? அந்தக் காலத்து மேற்காசியாவில் காளை என்றால் பலம், விளைச்சல், மழை. எகிப்தில் ஆபிஸ் என்ற காளை வணக்கம் இருந்தது. கன்ஆன் நாட்டிலும் அதற்குத் தடயங்கள் உண்டு. அஸ்கலான் நகரத்தின் பழைய வாசலருகே 1990இல் ஏறக்குறைய பத்து சென்ரிமீற்றர் உயரமான ஒரு கன்று உருவம் தோண்டியெடுக்கப்பட்டது. வெண்கலத்தில் செய்து வெள்ளி பூசியது. மூஸா (அலை) காலத்துக்கும் பல நூற்றாண்டுகள் முந்தியது. கைக்குள் அடங்கிவிடும் அளவு. அந்த மண்ணில் காளை என்பது கண்டுபிடிக்க வேண்டிய சங்கதியாக இருக்கவில்லை, காற்றிலேயே இருந்தது. ஸாமிரி புதிதாக எதையும் யோசிக்கவில்லை. சனங்களுக்கு ஏற்கெனவே பழகிய ஒன்றை எடுத்து, அதற்கு மூஸாவின் இறைவன் என்று பெயர் வைத்தான்.

சுலைமான் (அலை) அவர்களின் காலத்துக்குப் பின், ஏறக்குறைய கி.மு. 930இல், அவர்களின் அரசு இரண்டாகப் பிளந்தது. தெற்கே ஜெரூஸலத்தைத் தலைநகராகக் கொண்ட யூதா, வடக்கே இஸ்ரவேல். வடக்கின் முதல் அரசன் யரொபெயாமுக்கு ஒரு தலைவலி இருந்தது. பைத்துல் மக்திஸ் தெற்கில் இருந்தது. சனங்கள் வருஷா வருஷம் அங்கே போய்வந்தால் மனசும் அந்த அரசனின் பக்கம் சாய்ந்துவிடும். பைபிளின் 1 இராஜாக்கள் 12ஆம் அதிகாரம் அவன் கண்ட தீர்வைச் சொல்கிறது. இரண்டு பொன் கன்றுகளைச் செய்து, ஒன்றைத் தெற்கு எல்லையில் பெத்தேலிலும், மற்றதை வடக்கு எல்லையில் தாணிலும் வைத்தான். அவ்வளவு தூரம் போவது உங்களுக்குக் கஷ்டம்தானே என்று சனங்களிடம் பரிவாகச் சொன்னான். எகிப்திலிருந்து உங்களை மீட்டது இதுதான் என்றும் சொன்னான். ஸாமிரியின் அதே வசனம்தான். தாண் என்று அடையாளம் காணப்பட்ட இடத்தில் 1966 முதல் நடந்த அகழ்வில் பெரிய கல்மேடை ஒன்றும் பலிபீடத்தின் பகுதிகளும் கிடைத்திருக்கின்றன. கன்று கிடைக்கவில்லை. கன்றுக்காகக் கட்டிய வசதி மிஞ்சியிருக்கிறது.

இந்த வாசலை நாம் லேசாக நினைத்துவிடக் கூடாது. மார்க்கத்தில் கைவைக்கிறவன் எப்போதும் கல்லைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. "உங்க கஷ்டத்தைக் குறைக்கத்தானே" என்று சிரித்துக்கொண்டும் வருவான். ஆட்சியாளனுக்குத் தேவையானது மார்க்கமாகிவிடும்போது சனங்கள் தொழுதுகொண்டுதான் இருப்பார்கள். யாருக்குத் தொழுகிறார்கள் என்பதுதான் கலங்கிப்போயிருக்கும். குர்ஆன் 9:31இல் வேதக்காரர்கள் தம் அறிஞர்களையும் துறவிகளையும் ரப்புகளாக எடுத்துக்கொண்டார்கள் என்று வருகிறது. அது எப்படி என்று அதீ இப்னு ஹாத்திம் (ரழி) வியந்தபோது, அவர்கள் ஹலாலாக்கியதை ஹலாலென்றும் ஹராமாக்கியதை ஹராமென்றும் ஏற்றுக்கொண்டதே அந்த வணக்கம் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியதாகத் திர்மிதியில் வருகிறது. சிலையே இல்லாமலும் இந்த வாசல் திறக்கும்.

மூன்றாவது வாசல்: மழையும் வயிறும்

ஊவா மலைக்காரருக்கு மூன்றாவது வாசலை விளங்கப்படுத்தத் தேவையே இல்லை. ஆடி, ஆவணியில் கச்சான் காற்று வீசும். அந்த வறண்ட காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு உலகம் பேசும் மணத்தைக் கொடுக்கிறது. ஆனால் காற்று நீண்டுபோய் மழை பிந்தினால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் வேலைநாள் குறையும். வேலைநாள் குறைந்தால் தோட்டத்துச் சந்தியில் கடை வைத்திருக்கும் நம்மாளின் கடன் கொப்பி நிறையும், கல்லாப்பெட்டி நிறையாது. வானத்தைப் பார்த்துத்தான் எல்லோருடைய அடுப்பும் எரிகிறது.

பனூ இஸ்ராயீலர் குடியேறிய மலைநாடும் அப்படித்தான். எகிப்தில் அவர்களுக்கு நைல் நதி இருந்தது. கன்ஆனில் மழைதான் எல்லாம். அந்த மண்ணின் பழைய குடிகள் மழைக்கும் இடிக்கும் உரியவனாக பஃல் என்ற தெய்வத்தை வணங்கினார்கள். தமிழ் பைபிளில் இது பாகால் என்று வரும். சிரியாவின் கடற்கரையில் உகாரித் என்ற பழைய நகரத்தில் 1929இல் தொடங்கிய அகழ்வில் கிடைத்த களிமண் ஏடுகள் பஃலைப் பற்றி விரிவாகப் பேசுகின்றன. மேகத்தின் மேல் வருபவன், அவன் தோற்றால் வறட்சி, அவன் மீண்டால் விளைச்சல்.

வந்து குடியேறிய விவசாயியின் மனசை யோசித்துப் பாருங்கள். கடலைப் பிளந்தவன் அல்லாஹ் என்பதில் அவனுக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்த ஊர் மழைக்கு இந்த ஊர்க்காரன் சொல்லும் ஆளையும் கொஞ்சம் கவனித்துக்கொண்டால் என்ன? பெரிய காரியத்துக்கு அல்லாஹ், அன்றாடக் காரியத்துக்கு பஃல். இப்படித்தான் பங்கு பிரிந்தது.

கி.மு. 9ஆம் நூற்றாண்டில் ஆகாப் என்ற அரசன் காலத்தில், சீதோன் நாட்டு அரசகுமாரி யேசபேலை அவன் மணந்த பிறகு, இந்தப் பங்கு அரண்மனைக்கே வந்துவிட்டது. அங்கேதான் இல்யாஸ் (அலை) வருகிறார்கள். மிகச் சிறந்த படைப்பாளனை விட்டுவிட்டு பஃலை அழைக்கிறீர்களா என்று அவர்கள் கேட்டதை ஸூரத்துஸ் ஸாஃப்ஃபாத் 125இல் ஓதுகிறோம். பைபிள் இதே நபியை எலியா என்று அழைத்து, பல வருஷம் நீண்ட வறட்சியையும் கர்மேல் மலையில் பஃலின் பூசாரிகளோடு நடந்த பகிரங்கச் சோதனையையும் சொல்கிறது. அதில் எலியா சனங்களைக் குறைசொல்லும் வார்த்தை, இரண்டு நினைவுகளுக்கு நடுவே நொண்டி நடப்பவர்கள் என்ற பொருளில் வருகிறது. ஒரு காலை இங்கேயும் ஒரு காலை அங்கேயும் வைத்தவன் இரட்டிப்புப் பாதுகாப்போடு இருப்பதாக நினைக்கிறான். உண்மையில் அவன் நடையே கெட்டுப்போயிருக்கிறது.

இதற்கு மண்ணிலிருந்து வந்த சாட்சியும் உண்டு. சீனாய்ப் பாலைவனத்தின் வடபகுதியில் குந்தில்லத் அஜ்ரூத் என்ற இடத்தில் 1975, 76இல் அகழ்வு நடந்தது. ஏறக்குறைய கி.மு. 800ஐச் சேர்ந்த பெரிய மண்சாடிகளில் வாழ்த்துரைகள் எழுதப்பட்டிருந்தன. பனூ இஸ்ராயீலர் தம் இறைவனை அழைத்த யாஹ்வே என்ற பெயரும், அதோடு சேர்த்து "அவருடைய அசேரா" என்ற சொல்லும் அவற்றில் இருக்கின்றன. அசேரா என்பது ஒரு பெண்தெய்வமா, அவளைக் குறிக்கும் மரச் சின்னமா என்று ஆய்வாளர்கள் விவாதிக்கிறார்கள். எப்படியானாலும் ஒன்று தெளிவு. எழுதியவன் இறைவனின் பெயரை முதலில்தான் எழுதியிருக்கிறான். இரண்டாவது பெயரையும் விடவில்லை.

இப்போது நம் கடைகளுக்கு வருவோம். கல்லாவுக்கு மேலே ஆயத்துல் குர்ஸி தொங்கும். வாசலில் தேசிக்காயும் மிளகாயும் தொங்கும். வியாபாரம் படுத்தால் கதிர்காமத்துக்குக் காசு முடிந்து வைப்பவரை நான் நம்மவர்களிலேயே பார்த்திருக்கிறேன். கதிர்காமமும் நம் ஊவா மாகாணத்தில்தான் இருக்கிறது. அங்கே ஹிழ்ர் (அலை) அவர்களின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பள்ளிவாசலும் உண்டு. பள்ளிக்குப் போய் இரண்டு ரக்அத் தொழுதுவருகிறவரைப் பற்றி நான் பேசவில்லை. "எதுக்கும் ஒரு பக்கம் இருக்கட்டுமே" என்ற நிய்யத்தைப் பற்றிப் பேசுகிறேன். அந்த "எதுக்கும்" என்ற ஒரு சொல்லில் கன்ஆன் விவசாயியின் முழு மனசும் இருக்கிறது.

நான்காவது வாசல்: புனிதமான பொருள்

மிகவும் கஷ்டமான வாசல் இதுதான். ஏனென்றால் இதன் வழியாக வந்தது அந்நியப் பொருள் இல்லை, நபியின் பெயரால் வந்த பொருள். பைபிளின்படி, பாலைவனத்தில் சனங்களைப் பாம்புகள் தீண்டியபோது மூஸா (அலை) ஒரு வெண்கலப் பாம்பைச் செய்து கம்பத்தில் உயர்த்தினார்கள், அதைப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். குர்ஆனில் இந்தச் சம்பவம் இல்லை. ஆகவே நடந்ததா இல்லையா என்பதில் நாம் நிற்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சமூகம் அதை எப்படி நினைத்தது என்பதில் பாடம் இருக்கிறது. பல நூற்றாண்டுகள் கழித்து, கி.மு. 8ஆம் நூற்றாண்டின் கடைசியில், எசேக்கியா என்ற யூதா அரசன் அந்தப் பாம்பை உடைத்துப்போட்டான் என்று 2 இராஜாக்கள் 18ஆம் அதிகாரம் சொல்கிறது. காரணம், சனங்கள் அதற்குச் சாம்பிராணி போட ஆரம்பித்திருந்தார்கள். மருந்தாக வந்தது மஃபூதாக ஆகியிருந்தது.

உமர் (ரழி) அவர்கள் ஹஜருல் அஸ்வத்தை முத்தமிட்டபோது, நீ நன்மையோ தீமையோ செய்ய முடியாத ஒரு கல் என்பது எனக்குத் தெரியும், நபி (ஸல்) முத்தமிட்டதைப் பார்த்திராவிட்டால் நான் முத்தமிட்டிருக்க மாட்டேன் என்ற கருத்தில் சொன்னது ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. உலகத்திலேயே நாம் மிகவும் மதிக்கும் கல்லுக்கு முன்னால் நின்று அவர்கள் வரம்பைப் போட்டுக் காட்டினார்கள். முத்தம் இருந்தது, பங்கு இல்லை.

ஸியாரத், தாயத்து, ஓதிய தண்ணீர், நேர்ச்சை, கந்தூரி என்று வந்தால் நம் ஊர்களில் இரண்டு பக்கம் உண்டு. உலமாக்கள் வகைப்படுத்திப் பேசுகிறார்கள், இந்தக் கட்டுரை அந்த வழக்குக்குத் தீர்ப்பு எழுத வரவில்லை. இரண்டு பக்கத்தாரும் தனியே இருக்கும்போது தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளக்கூடிய ஒரு கேள்வியை மட்டும் வைக்கிறேன். அந்தப் பொருள் நாளைக்குத் தொலைந்துபோனால் என் மனசு என்ன செய்யும்? "போனால் போகட்டும், அல்லாஹ் இருக்கிறான்" என்று அமைதியடைந்தால் பாம்பு இன்னும் கம்பத்தில்தான் இருக்கிறது. கை நடுங்கி, இனிப் பிள்ளைக்கு என்ன ஆகுமோ, கடைக்கு என்ன ஆகுமோ என்று நெஞ்சு அடித்தால் அதற்குச் சாம்பிராணி போட ஆரம்பித்துவிட்டோம் என்று அர்த்தம். தாயத்துக் கட்டாதவரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. அவருடைய பாம்பு வங்கிக் கணக்காக இருக்கலாம், ஒரு அரசியல்வாதியின் தொலைபேசி இலக்கமாக இருக்கலாம், தான் சேர்ந்த இயக்கத்தின் பெயராகவும் இருக்கலாம்.

பல எஜமான்களின் ஆள்

பங்கு வைப்பதால் அல்லாஹ்வுக்கு எந்த நஷ்டமும் இல்லை. நஷ்டம் நமக்குத்தான். அதைக் காட்ட ஸூரத்துஸ் ஸுமர் 29இல் ஓர் உவமை வருகிறது. ஒருவருக்கொருவர் சண்டைபோடும் பல பங்காளிகளுக்குச் சொந்தமான ஒரு ஆள், ஒரே எஜமானுக்கு மட்டும் உரிய இன்னொரு ஆள், இந்த இருவரும் சமமா?

தேயிலை மலையின் பழைய கதை தெரிந்தவருக்கு இந்த உவமை நெஞ்சில் இறங்கும். தமிழகத்திலிருந்து ஆட்கட்டி வந்த தொழிலாளி துரைக்கும் ஆள், பெரிய கங்காணிக்கும் ஆள், கணக்கப்பிள்ளைக்கும் ஆள். உழைப்பு தோட்டத்துக்கு, கடன் கங்காணிக்கு, பயம் எல்லோருக்கும். கடனைக் காட்டும் "துண்டு" என்ற சீட்டு இல்லாமல் அவன் இன்னொரு தோட்டத்துக்கு மாறவும் முடியாது. அந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. ஒருவர் கூப்பிட்டால் மற்றவர் கோபிப்பார், ஒருவரைச் சமாதானப்படுத்தினால் இன்னொருவருக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த மனிதனின் உடம்பு களைத்ததைவிட மனசு களைத்ததுதான் அதிகமாக இருந்திருக்கும்.

பங்குபோட்ட உள்ளமும் அப்படித்தான். மழைக்கு ஒருவரைப் பயப்படுகிறது, நோய்க்கு ஒருவரை, வேலைக்கு ஒருவரை, ஊர்வாய்க்கு இன்னொருவரை. துஆவுக்குக் கையேந்தும்போது கூட அதன் ஒரு பாதி வேறெங்கோ நிற்கிறது. பனூ இஸ்ராயீலரின் வடக்கு அரசு கி.மு. 722இல் அசீரியரிடம் விழுந்தது, தெற்கு அரசு கி.மு. 586இல் பாபிலோனியரிடம் விழுந்தது. வீழ்ச்சிக்குப் படைபலம், கப்பம், அண்டை அரசுகளின் போட்டி என்று பல காரணங்களை வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். அந்தச் சமூகத்தின் வேதப் புத்தகங்களோ, சுவர் விழுவதற்கு வெகுகாலம் முன்பே உள்ளம் பிளந்திருந்தது என்று தம்மைத்தாமே குற்றஞ்சாட்டுகின்றன. தோல்விக்குப் பிறகும் எதிரியைத் திட்டாமல் தன்னைத் திட்டி எழுதிவைத்த நேர்மையை நாம் மதிக்கத்தான் வேண்டும்.

தோட்டத்தில் "அரைப்பேர்" என்று ஒன்று உண்டு. நாளுக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று வைத்த அளவுக்கு எடுக்காதவருக்குச் செக்றோலில் பாதிப் பேர்தான் விழும், பாதிச் சம்பளம்தான் கிடைக்கும். அநியாயம் என்று தொழிலாளர்கள் போராடியிருக்கிறார்கள், அது நியாயமான போராட்டம். ஆனாலும் அரைப்பேரில் அரைச் சம்பளமாவது உண்டு. வணக்கத்தின் கணக்கில் அதுவும் இல்லை. ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் குத்ஸியின் கருத்து இது: கூட்டாளிகளின் தேவை அற்றவன் அல்லாஹ், யாராவது ஒரு அமலில் அவனோடு இன்னொருவரைச் சேர்த்தால் அந்த அமலையும் அந்தப் பங்கையும் சேர்த்தே அவன் விட்டுவிடுகிறான். முகஸ்துதிக்காகச் செய்யும் நற்செயலைச் சிறிய ஷிர்க் என்று நபி (ஸல்) அஞ்சியதும் இதனால்தான். மேடையில் பொன்னாடைக்காகக் கட்டிய பள்ளியின் கட்டடத்தில் தொழுகை நடக்கும். கட்டியவரின் ஏட்டில் என்ன விழும் என்பதுதான் பயம்.

ஹாரூன் (அலை) காட்டிய வழி

நோய் இப்படி என்றால், அதைக் கண்டவர் என்ன செய்வது? நம் ஊர்களைப் பிளந்த கேள்வி இது. சின்னச் சின்னத் தோட்டத்து நகரங்களில், ஐம்பது அறுபது குடும்பங்கள் உள்ள ஜமாஅத்துக்கூட "தவ்ஹீது", "ஸுன்னத்து" என்று இரண்டாகி, ஸலாம் சொல்லாமல் நடந்த நாட்களை நாம் பார்த்திருக்கிறோம்.

ஹாரூன் (அலை) அவர்களின் நிலையை ஸூரா தாஹாவில் ஊன்றிப் பார்க்க வேண்டும். அவர்கள் வாய்மூடி இருக்கவில்லை. இது உங்களுக்குச் சோதனை, உங்கள் ரப்பு அர்ரஹ்மான்தான், என்னைப் பின்பற்றுங்கள் என்று சனங்களிடம் தெளிவாகச் சொன்னார்கள் (20:90). சொன்னதற்காகக் கொல்லப்படும் அளவுக்குப் போனார்கள் (7:150). ஆனால் தன் பக்கம் இருந்தவர்களைப் பிரித்துக்கொண்டு வெளியேறவில்லை. மூஸா (அலை) கோபத்தோடு தாடியைப் பிடித்தபோது, பனூ இஸ்ராயீலரைப் பிரித்துவிட்டாய் என்று நீங்கள் சொல்வீர்களோ என்று பயந்தேன் என்ற காரணத்தைச் சொன்னார்கள் (20:94). உண்மையைச் சொல்வதும் சமூகத்தைக் காப்பதும் இரண்டுமே ஒரு நபியின் சுமையாக இருந்தன. நம்மில் சிலர் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டோம், சிலர் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

வெளியே உள்ளவர்கள் விஷயத்தில் குர்ஆன் வேறொரு கட்டளையும் வைத்திருக்கிறது. அல்லாஹ்வை விட்டு அவர்கள் அழைப்பவற்றை ஏசாதீர்கள் என்பது ஸூரத்துல் அன்ஆம் 108இன் கட்டளை. தவ்ஹீதை இவ்வளவு உறுதியாகப் பேசும் அதே வேதம் இதையும் சொல்கிறது. கன்றின் கதையை மாரியம்மன் கோயிலைப் பார்த்து எறியும் கல்லாக எடுப்பவர் இரண்டு வகையில் பிழைக்கிறார். இந்த வசனத்தை மீறுகிறார். கதை தன்னைப் பற்றியது என்பதையும் மறைக்கிறார்.

அஸருக்குப் பின் நம் பள்ளிவாசலில், பயந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கொழுந்து மலையிலிருந்து நேரே வரும் தாய்மாரைப் பார்த்திருப்பீர்கள். "ஐயா, கொஞ்சம் ஓதி ஊதிவிடுங்க" என்பார்கள். நல்ல லெப்பை ஃபாத்திஹாவை ஓதி ஊதிவிட்டு, "சுகம் குடுக்கிறது ஆண்டவன்தான் தாயி, நான் கேக்கத்தான் செய்யிறேன். ஆஸ்பத்திரிக்கும் காட்டிப் போங்க" என்று சொல்லி அனுப்புவார். காசு நீட்டினால் வாங்க மாட்டார். ஒரு வாக்கியத்தில் தவ்ஹீதும் சொல்லியாயிற்று, யாருடைய மனசும் புண்படவில்லை, தன்னையும் ஒரு புனிதப் பொருளாக்கிக்கொள்ளவில்லை. நான்கு வாசலையும் ஒரே நேரத்தில் சாத்திவிட்டார். ஊதிவிட்ட மூச்சுக்கு விலை பேசுகிறவரோ, ஸாமிரியின் பக்கத்தில் போய் நின்றுவிடுகிறார்.

கடைசியாக ஒரு விவரம். கோபம் தணிந்து, அண்ணன் என்று பாராமல் பிடித்த ஹாரூனின் பேச்சைக் கேட்ட பிறகு, மூஸா (அலை) அவர்களின் முதல் துஆ எது? ஸூரத்துல் அஃராப் 151இல் அது இருக்கிறது. என்னையும் என் சகோதரனையும் மன்னித்துவிடு என்று கேட்டார்கள். கன்றைச் செய்தவர்களின் பேச்சு அதற்கு அடுத்த வசனத்தில்தான் வருகிறது. கன்றைத் தொட்டே பார்க்காத இரண்டு நபிமார்கள், மன்னிப்புக் கேட்பவர்களின் வரிசையில் முதலில் நின்றார்கள்.